ஆட்டக்காரன் இல்லாத மைதானம்

சிவகாசி அச்சகம் ஒன்றில் நானும் என் சிநேகிதன் ஒருவனும் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் செய்துகொண்டிருந்தோம். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஊரே கிரிக்கெட் பைத்தியம் பிடித்து அலைந்தது. எந்தக் கம்பெனிக்காரர் வந்தாலும் பெட்டிமேல் ஓர் ஆட்டக்காரன் வேண்டும் என்பார். பத்திரிகையில் வந்த படத்தை எடுத்து, வம்பு வழக்கு வராதபடி ஆளை மாற்றுவோம். மீசை வைப்போம், வலக்கைக்காரனை இடக்கைக்காரன் ஆக்குவோம், எந்த நாட்டுக்கும் இல்லாத நிறத்தில் சட்டை போடுவோம். இதில் நான்தான் கில்லாடி. அவனுக்கு ஒரு மீசை ஒட்டவே மத்தியானம் ஆகிவிடும்.

ஒரு சீசனில் பின்னால் ரசிகர் கூட்டமும் வேண்டும் என்றார்கள். தோதான படம் கிடைக்கவில்லை. மெஷின்காரர்கள், கட்டிங் பெண்கள், வேன் டிரைவர் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தினேன்.

"சிக்ஸர் போகுதுன்னு நெனச்சு மேல பாருங்க" என்றேன்.

காமிராவை அவன் கையில் கொடுத்துவிட்டு முன்வரிசை நடுவில் நானும் நின்றுகொண்டேன். அந்த முகங்களையே திரும்பத் திரும்ப ஒட்டி மைதானத்தை நிரப்பினேன்.

அப்புறம் அவன் சென்னைக்குப் போய்ப் புகைப்படக் கலைஞன் ஆகிவிட்டான். ஒரு பொங்கலுக்கு வந்தவன் அச்சகத்துக்கும் வந்தான்.

"ஏலே, பழைய லேபிள் ஷீட்டு கெடந்தா குடேன்."

"அம்புட்டும் குப்பை. அள்ளிட்டுப் போ."

நானே சுருட்டிக் கட்டிக் கொடுத்தேன்.

மறு வருடம் மதுரையில் அவனுடைய கண்காட்சி. பஸ் பிடித்துப் போனேன். சுவர் உயரத்துக்கு என் லேபிள். ஆட்டக்காரனை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, தாளைக் கரிசல்காட்டு வேலியில் கட்டிப் படம் பிடித்திருந்தான். ஆட்டக்காரன் இருந்த இடத்தில் வெடித்த மண்ணும் ஒரு கருவேல மரமும் தெரிந்தன. சுற்றிலும் எங்கள் ஆட்கள் வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. படம் மட்டமாக இருந்திருந்தால் ஊர் திரும்பி நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். நன்றாக இருந்து தொலைத்தது. கண் பூத்துப்போக நான் இழைத்த ஆட்டக்காரனை வேண்டாம் என்று வெட்டிவிட்டான். இடத்தை அடைக்க நான் போட்ட கூட்டத்தை வைத்துக்கொண்டான். அவனுக்குப் பட்டது எனக்கு ஏன் படவில்லை?

அவனைச் சுற்றி ஒரே கூட்டம். என்னைப் பார்த்ததும், "வாலே, இந்த லேபிள் இவன் பண்ணதுதான்" என்று எல்லோரிடமும் சொன்னான். மறைத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர்கள் எனக்குத் தலையை ஆட்டிவிட்டு அவன் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

நான் மறுபடி படத்தின் முன்னால் போய் நின்றேன். முன்வரிசை நடுவில் என் முகம், நிஜ முகத்தின் அளவுக்கு.

"சார், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? படம் மறைக்குது." பின்னால் காமிராவோடு ஒரு பெண்.

முகம் நன்றாகத் தெரியும்படி அவள் பக்கம் திரும்பினேன். படத்தில் இருப்பதுபோல மோவாயைக்கூடக் கொஞ்சம் தூக்கினேன். அவள் காமிராவை இறக்காமல் காத்திருந்தாள்.

தள்ளிக்கொண்டேன்.