எக்ஸ்ரே அக்காவும் ஆட்காட்டியும்

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் அவர் பொத்தானை அழுத்துவார். அதற்கு முன், உதடு அசைந்ததா இல்லையா என்று தெரியாதபடி, "மூச்ச இழுங்க... பிடிங்க..." என்பார். படம் விழுந்ததும், "ம், விடுங்க." எதிரே ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். சுற்றுச்சுவர் மேல் ஒரு மைனா இருக்கும். மைனாவுக்கு மூச்சைப் பிடிக்கத் தெரியாது என்பதால் இரண்டு பேருக்கும் சேர்த்து இவரே பிடித்துக்கொள்வார்.

எங்கள் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுப்பவர். வயது ஐம்பத்தொன்று. எல்லோருக்கும் எக்ஸ்ரே அக்கா. அவரைவிட ஏழு வயது மூத்த தலைமை மருத்துவருக்கும் அக்காதான். நடைவழியின் எதிர்ப்பக்கம் பதிவேட்டு அறையில் நான் இருப்பதால், மதியம் ஒரு மணிக்கு அவர் கதவு திறப்பதைத் தினமும் பார்க்கிறேன். ஒரு தோளில் சாப்பாட்டுப் பை, மறு தோளில் கேமரா பை. சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம். மீதி முப்பத்தைந்து நிமிடம் கட்டடத்துக்குப் பின்னால்.

பறவைகளை அவர் 'பேஷண்ட்' என்பார். மரியாதையும் குறையாது. "இன்னிக்கி ஒரு பேஷண்ட் வந்தார், உக்காரவே மாட்டேங்கிறார்." எடுத்த படங்களை எக்ஸ்ரே பதிவேட்டைப் போலவே பெயரிட்டு வைப்பார்: 'மீன்கொத்தி, பெண், இடது பக்கம்.' கீழே ஒரு குறிப்பு: 'அசைவு உள்ளது. மறுபடி எடுக்கவும்.' மீன்கொத்தி மறுபடி வந்து உட்காருமா என்ற சந்தேகமெல்லாம் அவருக்கு வந்ததில்லை. மனிதர்கள் வருகிறார்களே.

முன்பு வைத்திருந்தது பழைய வகைக் கேமரா. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் உள்ளே இருக்கும் சின்னக் கண்ணாடி எழும்பி விழும். 'சடக்' என்று கேட்கும். அந்தச் 'சடக்'கில் பாதிப் பறவைகள் பறந்துவிடும், மீதி இவரைத் திரும்பி முறைக்கும். மூன்று வருடம் சேர்த்துவைத்து, கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவும் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸும் வாங்கினார். இரண்டும் வேறொருவர் பயன்படுத்தி விற்றவை. வீட்டில் பெட்டியைப் பிரித்த அன்று அவர் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி இன்றுவரை எங்கள் மருத்துவமனையில் பிரபலம்: "கண்ணாடிய எடுத்துட்டாங்கன்னா வெல கொறையணும்ல?"

வீட்டுக்காரர் தையல்காரர். அவர் கடையும் வீடும் ஒன்றே. முன்னறையில் இரண்டு தையல் இயந்திரம், பின்னறையில் குடும்பம். கால்சட்டை தைத்து மிஞ்சிய சாம்பல் துணியில் லென்ஸுக்கு உறை தைத்துக் கொடுத்திருக்கிறார். மூன்றாவது உறை இது. "முதல் ரெண்டும் இடுப்புல பிடிக்குதாம்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லுவார்.

புதுக் கேமரா சத்தமே போடாது. எடுத்ததா இல்லையா என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. அக்கா மூச்சை விட்டால் எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். அதில் அவருக்கு இன்னொன்றும் பிடிக்கும். பார்வைத் துளையில் கண் வைத்தால் ஒரு குட்டிச் சதுரம் தானாக ஓடிப்போய்ப் பறவையின் கண்ணைக் கவ்விக்கொள்ளும். பறவை தலையைத் திருப்பினால் சதுரமும் திரும்பும். "கண்ணு தெரியணும். கண்ணு தெரியலன்னா அது படம் இல்ல, தகவல்" என்பது அவர் கட்சி. நான் ஒருமுறை என் தங்கை கல்யாணப் படங்களைக் காட்டினேன். வரிசையாகப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு எடது தோளு கொஞ்சம் எறக்கம்" என்றார். அவ்வளவுதான் அபிப்பிராயம்.

வாய் திறந்து எதையும் கேட்காதவர். அவர் அறை மின்விசிறி நாலு வருடம் கிரீச்சிட்டது; நான்தான் புகார் எழுதிப் போட்டேன். பதவி உயர்வுப் பட்டியலில் இரண்டு முறை பெயர் விட்டுப்போனது. "விடும்மா, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் ஜல்லி கொட்டிய வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது. சுவரைத் தாண்டிக் கதிர் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டதில், சுவரை ஒட்டிய கடைசி மூலையில் யாரும் வண்டி விட மாட்டார்கள். வராது, சுவருக்குள் ஈயத் தகடு இருக்கிறது என்று அக்கா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டார். ஆள் வராத இடம் அவருக்கும் வசதியாக இருந்தது.

வெயில் ஏறத் தொடங்கிய மாதம் அது. ஒரு மதியம் அந்த மூலையில் நின்று, வேலியில் இருந்த கரிச்சானைப் பிடிக்கக் கேமராவைத் திருப்பினார். சதுரம் கரிச்சானிடம் போகவில்லை. தரையில், வெறும் ஜல்லியில் போய் நின்றது. கேமராவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து மறுபடி திருப்பினார். மறுபடியும் ஜல்லிக்கே போனது. பெரிதாக்கிப் பார்த்தபோது அங்கே ஒரு கண் இருந்தது. கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு துளிச் சதை. ஆட்காட்டி. ஆள் நடமாட்டம் கண்டால் ஊரைக் கூட்டுகிற அந்தப் பறவை, இறக்கையைத் தரையோடு ஒட்டிக்கொண்டு சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. அது எழுந்து நகர்ந்தபோதுதான் தெரிந்தது, அடியில் நான்கு முட்டை. கல்லின் நிறம், கல்லின் புள்ளி.

பதினோரு நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட. சுவரோடு சாய்ந்து, இருபது அடிக்கு அந்தப் பக்கமாகவே நின்று எடுத்தார். பன்னிரண்டாம் நாள் நடைவழிப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். பின்பக்க வண்டி நிறுத்துமிடத்துக்குத் தார் போடப்படும். நாளை முதல் வேலை. அக்கா அதை இரண்டு முறை படித்தார். பிறகு என் அறைக்கு வந்து உட்கார்ந்து, கேமராவின் பின்திரையில் எல்லாவற்றையும் காட்டினார்.

"நிர்வாக அதிகாரிகிட்ட போய் சொல்லுங்கக்கா" என்றேன்.

"எனக்குக் கேக்க வராதும்மா."

"அப்ப நான் கேக்கட்டா?"

"வேணாம். உனக்கு அதோட கண்ணக் காட்டத் தெரியாது" என்று எழுந்தார்.

நானும் கூடப் போனேன். நிர்வாக அதிகாரி கெட்டவரில்லை; கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் திரும்பப் பார்க்கப் பிடிக்காதவர், அவ்வளவுதான். அக்கா நின்றுகொண்டே கேமராவை நீட்டினார்.

"என்னம்மா இது?"

"முட்டை சார்."

"கல்லு மாதிரில்ல தெரியுது?"

அக்கா பெரிதாக்கினார். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "சரி, முட்டை. அதுக்கு? ஒரு குருவிக்காக ரோலர நிறுத்தச் சொல்றீங்களா? இதெல்லாம் கேட்டா சிரிப்பாங்கம்மா."

அக்கா காது சிவந்தது. நான் அத்தோடு திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பொத்தானை அழுத்தி அடுத்த படத்துக்குப் போனார். ஆட்காட்டி நடந்து வருகிறது. அதன் வயிற்று இறகு நனைந்து, நுனியில் ஒரு நீர்த்துளி தொங்குகிறது.

"மத்தியான வெயில்ல கல்லு கொதிக்கும் சார். முட்டை வெந்துடும். அதனால தண்ணியில வயித்த முக்கிட்டு வந்து முட்டை மேல உக்காருது. ஒரு மணி நேரத்துக்கு நாலஞ்சு தடவ."

"தண்ணி எங்க இருக்கு அங்க?"

"உங்க ரூம் ஏசி சார். அதுலேர்ந்து சொட்டுற தண்ணி."

அதிகாரி ஏசியை நிமிர்ந்து பார்த்தார். அது வழக்கம்போல் உறுமிக்கொண்டிருந்தது. "என் ஏசியா?" என்றார். படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். "ஏழு நாள். வாசல் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்றேன், அந்த மூலைய கடைசில வெச்சுக்கட்டும். எட்டாம் நாள் வந்து நிக்கக் கூடாது."

வெளியே வந்ததும் அக்கா நடைவழியில் நின்றார். கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் தொங்கவிட்டு உதறினார். சிரித்தாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஏழு நாள் போதுமா என்ற சந்தேகம் அன்று மாலைதான் அவர் மனதில் வந்தது. முட்டை இட்டு எத்தனை நாள் என்று தெரியாதே. வீட்டில் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மூலையில் எடுத்த படங்களையெல்லாம் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனார். இருபத்து மூன்று நாளைக்கு முந்தைய படம் ஒன்றில் ஒரு வாலாட்டிக் குருவி ஜல்லி மேல் நிற்கிறது. நல்ல படம். அதன் வாலுக்குப் பின்னால், மங்கலாக, மற்ற கற்களைவிடக் கொஞ்சம் உருண்டையாக ஒன்று. ஒரே ஒரு முட்டை. நான்கும் இட்டு முடிக்க நாலு நாள், அப்புறம் இருபத்தெட்டு நாள் அடை. விரல் விட்டு எண்ணினார். பொரிக்க இன்னும் ஒன்பது நாள்.

"ரெண்டு நாள் இடிக்குதே" என்றார் வீட்டுக்காரர், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "திரும்பப் போய்க் கேளு. வாயுள்ள புள்ள பொழைக்கும்."

"அவர்ட்ட ஒரு தடவதான் கேக்க முடியும். முடிஞ்சுபோச்சு."

"அவரா ரோலர் ஓட்டுறாரு?"

இந்தக் கேள்வியை அவர் சாதாரணமாகத்தான் கேட்டாராம். அக்கா அதை இராத்திரி முழுக்க யோசித்ததாக மறுநாள் என்னிடம் சொன்னார்.

ரோலர் ஓட்டுநர் அகன்ற முதுகும் தாரில் கறுத்த காலணியுமாக இருந்தார். வேலை நேரத்தில் யாராவது பேச வந்தால் என்ஜின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். நான்கு நாள் அக்கா அவரை நெருங்கவே இல்லை. ஐந்தாம் நாள் மதியம் அவர் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றார்.

"அண்ணே, ஒண்ணு பாக்குறீங்களா?"

"என்னது?"

"இதுல ஒரு கண்ண வைங்க. இன்னொரு கண்ண மூடிக்குங்க."

அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். கேமரா கனம் என்பதால் அக்கா லென்ஸை அடியில் தாங்கிக்கொண்டார். மெதுவாக மூலைப் பக்கம் திருப்பினார். சதுரம் ஓடிப்போய் நின்றிருக்க வேண்டும், ஏனென்றால் ஓட்டுநர் சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

"என்னையே பாக்குது!"

"ஆமாண்ணே. அஞ்சு நாளா உங்களத்தான் பாக்குது."

அவர் மறுபடி கண் வைத்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எத்தன நாள் வேணும்?" என்றார்.

"உங்களுக்குச் சொன்னது ஏழு. எனக்கு ஒம்போது."

ஓட்டுநர் நிமிர்ந்து அதிகாரியின் சன்னலைப் பார்த்தார். "வண்டி நின்னாதான கேள்வி வரும்" என்றார்.

எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் வண்டி நிற்கவில்லை. வாசல் பக்கம் ஏற்கெனவே அடித்து முடித்த தாரையே அவர் மேலும் கீழும் அடித்துக்கொண்டிருந்தார். அதிகாரி சன்னல் வழியே பார்த்தபோதெல்லாம் ரோலர் ஓடிக்கொண்டிருந்தது, அவருக்குத் திருப்தி. எங்கள் வண்டி நிறுத்துமிடத்தின் அந்தப் பகுதியில் இன்றைக்கும் ஒரு கோலிக்குண்டை வைத்தால் நகராது.

ஒன்பதாம் நாள் காலை பத்தே முக்காலுக்கு அக்கா என் கதவைத் தட்டினார். உள்ளே ஒருவர் முழங்கால் படத்துக்குக் காத்திருந்ததால் அவரால் போக முடியவில்லை, முட்டை பொரிந்ததா என்று பார்க்க என்னை அனுப்பினார். நான் பார்த்தபோது ஒரு குஞ்சு வெளியே வந்துவிட்டிருந்தது. முதுகில் ஓட்டுத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்க, குச்சிக் காலில் நின்று பார்த்து விழுந்தது. மதியத்துக்குள் மூன்று. அக்கா ஒரு மணிக்கு ஓடி வந்தார், சாப்பாட்டுப் பை இல்லாமல். அன்று அவர் எடுத்த முந்நூற்றுச் சொச்சம் படங்களில் இருநூறு அசைந்துவிட்டன. மூச்சைப் பிடிக்க மறந்துபோனதாகச் சொன்னார். நாலரை மணிக்குத் தாய் முன்னால் கத்திக்கொண்டே நடக்க, மூன்று குஞ்சும் வேலிக்கு அடியில் நுழைந்து அடுத்த காலி நிலத்துக்குப் போய்விட்டன. நான்காவது முட்டை அப்படியே கிடந்தது. ஆட்காட்டி ஒருமுறை திரும்பி வந்து அதன் பக்கத்தில் நின்றது. பிறகு அதுவும் போய்விட்டது.

மறுநாள் காலை ரோலர் அந்த மூலைக்கு வந்துவிட்டது. ஆனால் ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்றுகொண்டிருந்தார். பின்னால் தார் வண்டி புகைந்துகொண்டிருந்தது. அக்கா பணிக்கு வருகிற வழியிலேயே, கேமரா பை தோளில் இருக்க, நேராக அங்கே போனார். நானும் போனேன். மூன்று பேரும் முட்டையைச் சுற்றி நின்றோம்.

"இதுக்கும் நிக்கணுமாக்கா?" என்றார் ஓட்டுநர். கேலியாகக் கேட்கவில்லை.

அக்கா குனிந்து, புறங்கையால் முட்டையைத் தொட்டார். "சூடே இல்ல."

"கூமுட்டையா இருக்கும். நாலுல ஒண்ணு அப்படி ஆகுறதுதான்."

"தெரியும்ணே."

தார் வண்டிக்காரர் தூரத்திலிருந்து என்ன தாமதம் என்று குரல் கொடுத்தார். அக்கா ஜல்லியில் மண்டியிட்டு உட்கார்ந்தார். பையைத் திறந்து, லென்ஸோடு கேமராவை வெளியே எடுத்து, வெறும் தரையில், தூசியில் படுக்க வைத்தார். முட்டையை இரண்டு விரலால் எடுத்து, லென்ஸ் இருந்த பஞ்சுக் குழிக்குள் வைத்து, உருளாதபடி தன் கைக்குட்டையைச் சுற்றிலும் செருகினார். ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார். பிறகு எழுந்து பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ரோலருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.