மடக்கிய கால்

வலது கால் செருப்பு மட்டும் காரின் மேட் மேல் தனியாகக் கிடந்தது. இடது கால் செருப்பு மாமனாரின் காலோடு காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டிருந்தது. நசுங்கிய வண்டியைப் பக்கத்தில் ஓரிக்கையில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் நிறுத்தியிருந்தார்கள். சாமான்களை எடுக்கப் போன நான் கதவைத் திறந்ததும் பார்த்தது அதைத்தான். மோதும்போது அவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உத்திரமேரூர் பக்கம் நெல் விவசாயி அவர். நாற்காலியானாலும் சலூன் பெஞ்சானாலும் வலது காலை மடக்கித்தான் உட்காருவார். என் கணவர் ஓட்டும் பழைய காரின் முன்சீட்டிலும் அப்படியே. பெல்ட் போட்டுக்கொள்வார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மடக்கிய முட்டி டேஷ்போர்டை ஒட்டி நிற்கும். பின்சீட்டில் நான் இருப்பேன். ஒவ்வொரு பிரேக்குக்கும் என் கால்தான் தரையை அழுத்தும். என் பிழைப்பு அப்படி.

சென்னையில் ஒரு கம்பெனியில், கார் மோதினால் மனித உடம்பு என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் பார்க்கிற வேலை. எலும்பு, தசை, தோல் எல்லாம் கணக்காலேயே ஆன ஒரு கம்ப்யூட்டர் மனிதன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைபோல் இரண்டு காலையும் கீழே வைத்து நேராக உட்கார்ந்திருப்பான். வேண்டிய உயரத்துக்கும் எடைக்கும் அவனை மாற்றிக்கொள்வோம். அவனை மாமனாரைப்போல் உட்காரவைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குள் ஓர் அரிப்பு. சாப்பாட்டு நேரங்களில் அதையே நோண்டிக்கொண்டிருந்தேன். முட்டியைக் கொஞ்சம் கூடுதலாக மடக்கினால் தோல் எலும்புக்குள் புகுந்துகொள்ளும், கணக்கு பாதியில் நின்றுவிடும். எந்தச் சோதனையிலும் இப்படி ஒருவன் உட்காருவதில்லையே என்றார் மேலதிகாரி. எங்கள் வீட்டில் ஒருவர் உட்காருகிறார் சார் என்றேன். ஒருவழியாக ஒருநாள் அவன் மடக்கிய காலோடு மோதி முடித்தான். தொடையெலும்பின் தலை இடுப்புக் குழியை விட்டு வெளியே வந்திருந்தது.

தெரிந்து என்ன செய்வது? காலை இறக்குங்கள் என்று மாமனாரிடம் ஒரு மருமகள் எப்படிச் சொல்வாள்? கணவரிடம் முறையிட்டால் சிரித்தார். கடைசியில் படத்தை பிரிண்ட் எடுத்துப்போய், என் வேலை இதுதான் மாமா என்று மட்டும் சொல்லிக் காட்டினேன். தாளைத் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“என்ன மாதிரியே குந்திக்கினு கீறான். இவன் இன்னா ஆனான்?”

“இடுப்பு விலகிடுச்சு மாமா.”

அவர் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். மறுநாள் காரில் ஏறியதும் இரண்டு காலையும் கீழே வைத்தார். அதற்குப்பின் நான் கூடப்போன பயணங்களிலெல்லாம் அப்படித்தான். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே வந்துவிட்டது.

நான் சென்னையில் இருந்த ஒருநாள் மணல் ஏற்றிய டிராக்டர் ஒன்று அவர்கள் போன காருக்குக் குறுக்கே வந்தது. கணவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. மாமனாருக்கு நான் படத்தில் பார்த்த அதே இடம். செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு கட்டிலருகே போய் நின்றேன். கோபமாக வந்தது. பையைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

“நீ வண்டியில இல்லியேன்னுதாம்மா மடக்குனேன்.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் காலை இறக்கியது இடுப்புக்குப் பயந்து என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எனக்குக் கொடுத்த மரியாதை அது. அவ்வளவு பெரிய மனுஷன், என் மனம் நோகக் கூடாதென்று தொங்கவிட்டு மரத்துப்போன காலோடு வந்திருக்கிறார்.

கடைசிவரை கைத்தடியோடுதான் நடந்தார். இப்போது அவர் இல்லை. அவர் வயதை நெருங்கும் என் கணவர், நிலத்தைப் பார்க்க வாடகைக் காரில் போய்வருகிறார். வயதாக ஆக அவருக்கும் வலது கால் மடங்கத் தொடங்கிவிட்டது. அவர் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று கார் கண்ணாடி வழியே குனிந்து பார்க்கிறேன். மேட் மேல் இரண்டு செருப்பு, இரண்டிலும் கால். போதுமா என்பதுபோல் சிரித்துக் கையசைப்பார். கார் தெருமுனை திரும்பும்வரை அப்படித்தான் இருக்கும். அதற்கப்புறம் எனக்குத் தெரியாது.