மூச்சை விடுவதற்கு எதற்குப் புத்தகம்?

போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நைனாவிடம் சொன்னபோது எனக்கு இருபத்து மூன்று வயது. "இதான் கடைசி தபா. இதுலயும் சேரலன்னா கெணத்தண்ட வந்து நில்லு" என்றார். அதற்கு முன்பே இரண்டு ஆபீஸ்கள் என்னை வேண்டாம் என்றிருந்தன. வயல் வேலையோ எனக்கு வேப்பங்காய்.

உயரம் இருந்தது. மார்புதான் தகராறு. சும்மா இருக்கும்போது முப்பத்திரண்டு அங்குலம் வேண்டும், மூச்சை இழுத்தால் மேலும் இரண்டு அங்குலம் விரிய வேண்டும். வாலாஜாபாத்துக்குப் போய் ஒரு தேகப்பயிற்சிப் புத்தகம் வாங்கி வந்தேன். பாதிப் புத்தகம் மூச்சை இழுப்பதைப் பற்றி, மீதி அதை விடுவதைப் பற்றி. முதல் பாதியை மனப்பாடம் செய்தேன். மூச்சை விடுவதற்கு எதற்குப் புத்தகம் என்று மறுபாதியைப் புரட்டவே இல்லை.

மூன்று மாதம் தண்டால், பஸ்கி. மற்ற நேரமெல்லாம் நெஞ்சைத் தூக்கிக்கொண்டே திரிந்தேன். சோறு தின்னும்போதுகூட இறக்கவில்லை. "இன்னாடா, முதுவுல கட்டியா?" என்று நைனா கேட்டார். அவருக்கு விஞ்ஞானம் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

எங்கள் கிணற்றில் ஏற்றம் இறைத்தவனுக்கும் என் வயதுதான். எட்டாவது வரை படித்தவன். எசமான் என்கிற மாதிரி என்னை 'ஆண்டே' என்றுதான் கூப்பிடுவான். சால் பிடித்து இறைத்தபடி அவன் பாடினால் ஏரிக்கரை வரை கேட்கும். என் தண்டாலை எண்ணுவதும் மார்பை டேப் வைத்து அளப்பதும் அவன்தான்.

"மூச்ச வுட்டுட்டு ஒருவாட்டி அளக்கலாமா ஆண்டே?" என்றான் ஒருநாள்.

"உனக்கு இன்னா தெரியும்? புஸ்தகம் நீ படிச்சியா, நான் படிச்சனா?"

காஞ்சிபுரத்துக்கு அவனையும் துணைக்கு அழைத்துப் போனேன். வரிசையில் தனியாக நிற்கப் பயந்து அவனை எனக்குப் பின்னால் நிறுத்தினேன்.

என் முறை வந்தது. "மூச்ச விடு" என்றார் அளப்பவர். விட்டதாகத்தான் நினைத்தேன். முப்பத்து நாலு. "இழு." அப்போதும் முப்பத்து நாலு. அவர் டேப்பை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"வுடுங்க ஆண்டே, மூச்ச வுடுங்க" என்று பின்னாலிருந்து அவன் கெஞ்சினான். மூன்று மாதம் ஏற்றி வைத்த நெஞ்சு, இறங்கு என்றால் இறங்குமா? மறுபடியும் முயன்றேன். இருமல்தான் வந்தது. "போ" என்றார். அடுத்து அவன். முப்பத்திரண்டு, இழுத்தால் முப்பத்தைந்து. ஓட்டத்திலும் முதல் ஆளாக வந்தான்.

திரும்பும் பஸ்ஸில் அவன் ஏதோ திருடிவிட்டவன்போல் உட்கார்ந்திருந்தான். எனக்கோ பொறாமை. அதை மறைக்க அப்போதும் நெஞ்சைத் தூக்கித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவன் போலீஸ் பயிற்சிக்குப் போனதும் கிணற்றில் ஆள் குறைந்தது. நைனா சொன்ன சொல் மாறாமல் சால் பிடிக்க என்னை நிறுத்தினார். முதல் நாளே கை கொப்பளித்தது. இரண்டு சால் இறைப்பதற்குள் மூச்சு வாங்கியது.

பயிற்சி முடிந்து அவன் முதல் லீவில் வந்தபோது நான் கோவணத்தோடு கிணற்றடியில் இருந்தேன். காக்கி உடுப்பும் பூட்சுமாக வரப்பில் நடந்து வந்தான். எங்கள் எதிரில் அவன் அதுவரை செருப்புகூடப் போட்டதில்லை. கயிற்றுக் கட்டிலில் கிடந்த நைனா அவனைப் பார்த்துவிட்டு, மேல்துண்டைச் சரிசெய்தபடி எழுந்து நின்றார். "வாப்பா, குந்து" என்று கட்டிலைக் காட்டினார். எனக்காக அவர் ஒருநாளும் எழுந்ததில்லை.

அவன் கட்டிலில் உட்காரவில்லை. பூட்சைக் கழற்றி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"பாடிக்கினே எறைங்க" என்றான். "மூச்சு தானா வெளிய போவும்."

வெட்கத்தை விட்டுப் பாடினேன். போனது.