சேஷாத்ரியின் அடுத்த கேமரா

சேஷாத்ரி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. சனிக்கிழமை கடை திறந்ததும் அவர் உள்ளே வருவார். குளிர்கோட்டின் பொத்தானைக் கழற்றி முடிப்பதற்குள் கடைப் பெண்மணி கண்ணாடி அலமாரியைத் திறந்து அந்தப் பெரிய கேமராவை மேஜைமேல் வைத்திருப்பாள். அதை அவர் கண்ணருகே கொண்டுபோக மாட்டார். காதோரம் கொண்டுபோவார். கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு தடவை அமுக்குவார். வீணையை வாங்குமுன் தந்தியைச் சுண்டிப் பார்க்கிறவர் மாதிரி சற்று நேரம் அப்படியே நிற்பார். பிறகு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு, நன்றி சொல்லி, லென்ஸ் துடைக்கும் துணி ஒன்று வாங்கிக்கொண்டு போவார். அவர் வீட்டில் சேர்ந்திருக்கும் லென்ஸ் துணியை ஒன்றாகத் தைத்தால் மியூனிக் நகர மண்டபத்துக்கே திரை போடலாம்.

சேஷாத்ரியின் சொந்தக் கேமரா, கற்றுக்கொள்கிறவர்களுக்கென்று விற்கும் டிஜிட்டல் எஸ்எல்ஆர். பெட்டியோடு வந்த லென்ஸ்தான் இன்னமும். மாயவரத்துக்காரர், மியூனிக்கை ஒட்டிய கார்ஹிங்கில் மென்பொருள் எழுதுகிறார். வாங்கிய புதிதில் மியூனிக் தமிழர்களுக்குள் அப்படி ஒன்று அவரிடம் மட்டும்தான் இருந்தது. பொங்கல் விழாவா, கொலுவா, யாருடைய வளைகாப்பா, சேஷாத்ரி வந்து கேமரா முக்காலியை விரித்த பிறகுதான் விழா ஆரம்பமாகும். சாப்பாட்டுப் பந்தியில்கூட அவர் எடுத்து முடிக்கும்வரை இலையில் கை வைக்காமல் காத்திருப்பார்கள். ரசம் ஆறியதற்கு அவரே காரணம் என்று முணுமுணுத்தவர்கள்கூட, படம் வந்ததும் முதலில் தங்கள் முகத்தைத்தான் தேடினார்கள்.

எப்போது பெரிய கேமராவுக்கு மாறுவது என்பதற்கு அவரிடம் ஒரு சித்தாந்தம் உண்டு. “கேமரா என்னை நிறுத்தணும். அன்னிக்கு மாத்துவேன். நான் இன்னும் அதை முழுசா யூஸ் பண்ணவே இல்லையே” என்பார். கேட்கிறவர்களுக்கு இதில் ஏதோ தவம் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் கொலோனில் ஒன்று விட்டு ஒரு ஆண்டு நடக்கும் பெரிய கேமராக் கண்காட்சிக்கு ரயிலேறிப் போய், பை பையாக விளம்பரத்தாள்களோடு திரும்பி வருகிறவர் அவர். வந்ததும், அடுத்த மாடல் வரட்டும் என்பார். அடுத்தது வந்தால், அதன் விலை இறங்கட்டும் என்பார். இறங்கினால், இறங்கிப்போன மாடலை யார் வாங்குவார்கள் என்பார்.

இந்தத் தவம் உதய் வந்ததும் கலைந்தது.

உதய் கோயம்புத்தூர்ப் பையன். அதே அலுவலகம், அதே மாடி. ஜெர்மனிக்கு வந்து குளிர்கோட்டு வாங்குவதற்கு முன்பே கேமரா வாங்கிவிட்டான். அதுவும் எது? சனிக்கிழமைதோறும் சேஷாத்ரி காதில் வைத்துக் கேட்டாரே, அதுவே. கண்காட்சிக்குப் போகவில்லை, ஒரு வரி ஆராயவில்லை. கார்ஹிங் போகும் சுரங்க ரயிலில் எதிரே உட்கார்ந்து, “நெட்ல நல்லா ரேட்டிங் போட்டிருந்தான் சார், அதான் எடுத்துட்டேன்” என்றான். சேஷாத்ரி அடுத்த மூன்று நிலையங்களுக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். சுரங்கத்துக்குள் ஜன்னலில் பார்க்க என்ன இருக்கிறது? மடியில் கேமராவை வைத்துக்கொண்டிருக்கும் உதயின் பிம்பம்தான்.

அன்றிலிருந்து அவர் பாடு திண்டாட்டம். அதையே வாங்கினால் உதயைப் பார்த்து வாங்கினார் என்பார்கள். கீழே ஒன்றை வாங்கினால் உதய்க்குக் கீழே. அதற்கு மேலே உள்ளதை வாங்கப் போனால் மனைவி மைதிலி வீட்டுக்குள் விடமாட்டாள். ஆகவே சித்தாந்தத்தை இன்னும் உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். உதயின் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், “நன்னா இருக்கு. கொஞ்சம் ஜாஸ்தியாவே நன்னா இருக்கு” என்பார். அந்தக் கேமராவின் சத்தம் மட்டும் அவரை விடவில்லை. ஈசார் ஆற்றின் அக்கரையில் உதய் ஒரு வாத்தைப் படமெடுத்தபோது, இக்கரையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த சேஷாத்ரி பிரேக் பிடித்துத் திரும்பினார் என்று சொல்கிறார்கள். வாத்துக்குக்கூடக் கேட்டிருக்காது.

உதய் கெட்டவனும் இல்லை, அதுதான் பெரிய கஷ்டம். “சார், ஒரு வாரம் வச்சு யூஸ் பண்ணிப் பாருங்க. எனக்கு அவசரமில்ல” என்று பையோடு நீட்டினான். சேஷாத்ரியின் கை பாதி தூரம் போய்விட்டது. பிறகு அந்தக் கையாலேயே தோளைத் தடவிக்கொண்டு, தமக்குத் தோள்பட்டை வலி, கனமான கேமரா ஆகாது என்றார். அதற்கப்புறம் உதய் எதிரே வரும்போதெல்லாம் மறக்காமல் தோள் வலித்தது.

இந்த நவம்பரில் மகள் தேஜஸ்வினிக்கு ஒரு வயது நிறைந்தது. ஆயுஷ்ஹோமம் செய்வதென்று முடிவாயிற்று. அதில் குழந்தை அப்பாவின் மடியில் உட்கார வேண்டும். அப்பா மணையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, முக்காலியைத் தொட முடியாது. மைதிலி வெகுநாளாகக் காத்திருந்தது இதற்குத்தான்.

“உங்கப்பா போன்ல என்ன கேக்கறார் தெரியுமா? ‘ஏம்மா, சேஷு உங்களோடதானே இருக்கான்’னு கேக்கறார். ஏழு வருஷமா ஒரு போட்டோல நீங்க இல்லை. இந்த ஒரு நாள் குழந்தையும் நீங்களுமா ஒரு படம் வேணும், அவருக்கு அனுப்பணும். உதயை எடுக்கச் சொல்லிட்டேன்.”

“அவனையா? அவன்கிட்ட கேமரா மட்டும்தான் நன்னா இருக்கு.”

“அந்த நன்னா இருக்கற கேமராதான் எனக்கு வேணும்” என்றாள் மைதிலி.

வீட்டுக்குள் ஹோமப் புகையை வீட்டுக்காரர் பொறுக்கமாட்டார் என்பதால், தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்தார்கள். அதன் தாழ்வாரத்தில் செங்கல் அடுக்கி, இறைச்சி சுடுவதற்கென்று கடையில் விற்கும் புத்தம்புதிய அலுமினியத் தட்டை நடுவில் வைத்து ஹோமகுண்டமாக்கினார்கள். சமையலுக்கு யாழ்ப்பாணத்து ரஞ்சினி அக்கா வந்திருந்தார். கோயில் ஐயரை அழைத்து வந்தவரும் அவரே. காலை நேரந்தான், ஆனால் ஜெர்மனியின் நவம்பர்க் காலைக்கும் சாயங்காலத்துக்கும் வித்தியாசம் தெரிய கடிகாரம் வேண்டும். வெளிச்சமென்று இருந்தது தீ மட்டும்.

சேஷாத்ரி சும்மா உட்காருவாரா? தம் கேமராவை முக்காலியில் நிறுத்தி, தூரத்திலிருந்து இயக்கும் பொத்தானை வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டே மணையில் அமர்ந்தார். மடியில் பட்டுப்பாவாடையோடு தேஜஸ்வினி. ஐயர் நெய்யை விடச் சொன்னால் வலது கை நெய் விடும், இடது கை பொத்தானை அமுக்கும். அந்த இருட்டில் கேமராவுக்கு எதைப் பார்ப்பதென்று பிடிபடவில்லை. லென்ஸ் முன்னே ஓடியது, பின்னே ஓடியது, முனகியது, மறுபடி முன்னே ஓடியது. கடைசிவரை ‘கிளிக்’ என்ற ஓசை மட்டும் வரவில்லை. ஏழு வருஷத் தவத்துக்கு வரம் கிடைத்துவிட்டது: கேமரா அவரை நிறுத்திவிட்டது.

தட்டில் பழத்தோடு வந்த ரஞ்சினி அக்கா முக்காலியருகே நின்று காது கொடுத்தார். “தம்பி, உங்கட கமரா ஏன் முனகுது? பசிக்குதோ? அந்தத் தம்பியின்ர கமராவைப் பாருங்கோ, டக் டக்கெண்டு எடுக்குது.”

எதிரே தூணோரம் உதய் மண்டியிட்டு எடுத்துக்கொண்டிருந்தான். பளீரென்று விளக்கு அடிக்கவில்லை, முனகவில்லை. சனிக்கிழமைச் சத்தம் தாழ்வாரம் முழுக்க ஒலித்தது.

படங்களைப் போட்ட குறுந்தட்டு மறுவாரம் வந்தது. மைதிலி குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தாள். சேஷாத்ரி பின்னால் நின்றார், தோளைத் தடவியபடி. முதல் படத்திலேயே மைதிலி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை இருட்டிலும் குழந்தையின் கன்னத்துப் பூனைமயிர் தெரிந்தது. நெய் சொட்டுவது தெரிந்தது. ஐயரின் மாலையில் ஒவ்வொரு உருத்திராட்சமும் தனித்தனியாகத் தெரிந்தது. அடுத்த படத்துக்குப் போனாள். அதற்கடுத்ததற்கு. அவள் வேகம் கூடியது.

“என்னன்னா இது? ஐயர் தீயைப் பாக்கறார். நான் குழந்தையைப் பாக்கறேன். குழந்தை உங்களைப் பாக்கறது. நீங்க எதைப் பாக்கறேள்?”

எல்லாப் படத்திலும் சேஷாத்ரி நேராகப் படத்தைவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நெய் விடும்போதும் அப்படியே, ஆசீர்வாதத்தின்போதும் அப்படியே. குழந்தையின் பிஞ்சுக் கை அவர் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பப் பார்த்த படத்திலும் அப்படியே. அடுத்த வீட்டுக்காரன் கொல்லையில் காய்த்துத் தொங்கும் மாமரத்தைப் பார்க்கிற பார்வை. அந்தப் பார்வையையும் உதயின் கேமரா ஒரு மயிரிழை மங்காமல் பிடித்திருந்தது.

“இதை எப்படி உங்கப்பாவுக்கு அனுப்பறது? ஒண்ணே ஒண்ணு கேட்டேன்” என்றாள் மைதிலி. குரல் உயரவில்லை. உள்ளே குழந்தை சிணுங்கியது. அவள் எழுந்து போய்விட்டாள்.

சேஷாத்ரி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். குழந்தை மோவாயைப் பிடித்திருக்கும் படத்தை எடுத்தார். அதைப் பெரிதாக்கினார். தம் முகம் திரை முழுக்க வந்தது; அதைத் தாண்டினார். ஒரு கண் மட்டும் வந்தது. கருவிழிக்குள் ஹோமத்தீ ஒரு பொட்டாகத் தெரிய, அதன் பக்கத்தில் கறுப்பாக, அளவெடுத்தாற்போல், உதயின் கேமரா நின்றது. இத்தனை இருட்டில் இத்தனை பெரிதாக்கியும் ஒரு புள்ளி சிதறவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டு, இன்னொரு தடவை பெரிதாக்கினார்.