மூன்றே மூன்று காரணங்கள்

எங்கள் அலுவலகத்தில் அவனுக்குப் புகார்ப்பெட்டி என்று பெயர். வைத்தவள் நான்தான், மறுக்கவில்லை. ஒன்பது வருடங்களுக்கு முன்பு இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவன் நிரல் எழுதுவான். நான் அதைத் தட்டிப் பார்த்து ஓட்டை கண்டுபிடிப்பேன். அந்த உரிமையில் வைத்த பெயர். எனக்கும் அவனுக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. காலையில் பையைக் கீழே வைத்ததும் அவன் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு வரும். அதற்குப் பிறகு அன்றைய குறைகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பிக்கும்.

குறை சொல்லாமல் இருக்க முடியாதபடிதான் அவன் கையில் கிடைத்த கருவிகளும் இருந்தன, அதையும் சொல்ல வேண்டும். நிரல் எழுதும் செயலி வாரம் ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, அவன் திறந்து வைத்திருந்த கோப்புகளை எல்லாம் மூடிவிடும். இன்னொன்று, எது உடைந்தாலும் "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று ஒரே ஒரு வரி காட்டும். "ஏதோ தப்புன்னு சொல்றதுக்கு ஒரு மென்பொருள் எதுக்கு? அதை நானே சொல்லிடுவேனே" என்பான். சேமிக்கும் பொத்தானுக்கு ஒட்டினாற்போல அழிக்கும் பொத்தான் வைத்திருப்பதைப் பார்த்தால் அவனுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். வீட்டிலும் இதே கதைதான். துணி துவைக்கும் இயந்திரத்தின் பொத்தான்கள் குழப்புகின்றன என்று அதைச் செய்த நிறுவனத்துக்கு நான்கு பக்கம் எழுதினானாம். அவன் எழுதி முடிக்கும் வரை ஒரு வாரத் துணி அப்படியே கிடந்ததாம். "அந்த லெட்டரையா உடுத்திக்கிட்டு ஆபீஸ் போகப் போறீங்கன்னு கேட்டேன்" என்று அவன் மனைவி என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

நாங்கள் செய்வது மருத்துவமனைகளுக்கான மென்பொருள். எந்த நோயாளி எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தப் படுக்கையில் என்பதை எல்லாம் அதுதான் பார்த்துக்கொள்ளும். நாங்கள் எழுதுவதை மருத்துவமனையின் கணினிக்கு அனுப்பி வைக்கத் தனியாக ஒரு வெளியீட்டுக் கருவி உண்டு. அதைத் திறந்தால் மருத்துவமனைகளின் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிகள். ஒன்று ஒத்திகை, நாங்கள் செய்து பார்க்கும் நகல். மற்றது நேரடி, உயிருள்ள மனிதர்கள் காத்திருக்கும் இடம்.

அந்தக் கருவியில் ஒரு வினை இருந்தது. பட்டியல் முதலில் பாதி வரும். ஓரிரு விநாடி கழித்து மீதி வரிகள் மேலே வந்து நுழைந்துகொள்ளும். எல்லாம் கீழே இறங்கும். அதற்குள் அவசரப்பட்டுத் தொட்டால், ஒத்திகை இருந்த இடத்துக்கு நேரடி வந்து நின்றிருக்கும். "நிச்சயமாகத்தானா?" என்று ஒரு வார்த்தை கேட்காது. தொட்டது தொட்டதுதான்.

இதை யாரும் சரிசெய்யவில்லை. அதற்குப் பதிலாக நாங்கள் ஒரு பழக்கத்தை உண்டாக்கிக்கொண்டோம். உண்டாக்கியவர் ரிலீஸ் அக்கா. எங்கள் எல்லோரையும்விட மூத்தவர். வெளியீடுகளை எல்லாம் அவர்தான் செய்வார். புதிதாக யார் வந்தாலும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கருவியைத் திறந்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வை, மூன்று எண்ணு, பிறகு தொடு என்று சொல்லிக்கொடுப்பார். வெளியிலிருந்து வருகிறவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள் எல்லாம் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று முணுமுணுத்துக்கொண்டிருப்போம். அவன் மட்டும் எண்ண மாட்டேன் என்று பிடித்த பிடியில் நின்றான். எண்ணுவதற்குப் பதிலாக எழுதினான். அந்தக் கருவியைச் செய்த பிரிவுக்கு ஐந்து வருடங்களில் முப்பத்தொரு புகார். ஒவ்வொன்றையும் அவர்கள் ஒரே பதிலோடு மூடினார்கள்: "வடிவமைத்தபடியே இயங்குகிறது."

அக்காவுக்கு அவன்மேல் தனிப் பிரியம். சாப்பாட்டு நேரத்தில் அவன் பொரிந்து தள்ளுவதைக் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் கணவர் முதுகுத்தண்டில் அடிபட்டு வருடக்கணக்காகப் படுக்கையில் இருந்தார். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். வீட்டில் சம்பாதிக்கிறவர் அக்கா ஒருவர்தான். அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை.

நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு. முந்தின வாரம்தான் அந்தக் கருவிக்குப் புதுப் பதிப்பு வந்திருந்தது. நிறம் மாறியிருந்தது, எழுத்து மாறியிருந்தது. பட்டியல் முன்னைவிட மெதுவாக வந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு பெரிய மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவு அட்டவணையை, ஒத்திகை நகலில் மூன்று மாதம் பின்னால் கொண்டுபோக வேண்டியிருந்தது. எனக்காகத்தான்; நான் ஒரு பழைய பிழையைச் சோதிக்கக் கேட்டிருந்தேன். அக்கா கருவியைத் திறந்தார். கையை மடியில் வைத்தார். மூன்று எண்ணினார். தொட்டார். அவர் தொட்ட அதே நொடியில் பட்டியல் கீழே இறங்கியது.

இரண்டு மணி நேரம் அந்தப் பிரிவு மூன்று மாதத்துக்கு முந்தைய அட்டவணையில் ஓடியது. காலை முறைக்கு வந்தவர்களைப் பார்த்து உங்கள் பெயர் இல்லையே என்றார்கள். அந்த மூன்று மாதத்துக்குள் இறந்துபோன ஒருவரின் வீட்டுக்கு, இன்று உங்கள் முறை, நேரத்துக்கு வந்துவிடுங்கள் என்று குறுஞ்செய்தி போனது. வயதானவர் ஒருவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே அவருக்கு மூச்சு வாங்கவே, மறுபடி தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். நல்லவேளை, பிழைத்துவிட்டார். செய்தி வந்தபோது அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. "மூணு எண்ணினேன் தம்பி. எண்ணிட்டுத்தான் தொட்டேன்" என்று அவனிடம் மட்டும் சொன்னார்.

ஒரு மணிக்குள் அக்காவின் அனுமதிகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். மருத்துவமனை எழுத்தில் அறிக்கை கேட்டது. எங்கள் மேலாளர் நல்ல மனிதர்தான். ஆனால் தன் தலை உருளும் என்று தெரிந்தால் அடுத்தவர் தலையைத் தேடுவார். அறிக்கை ஐந்து மணிக்குள் வேண்டும், புகார்ப்பெட்டிதான் நிரப்ப வேண்டும் என்றார். போன மாதம்தான் அவனைக் குழுத்தலைவர் ஆக்கியிருந்தார்கள். விபத்து அறிக்கை நிரப்பும் வேலை குழுத்தலைவர்களுடையது. அதில் என்ன எழுதுகிறானோ அதை வைத்து அக்காவின் வேலை இருக்கும் அல்லது போகும். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவனுக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. "இன்னைக்கு அந்தக் கருவியோட தோலை உரிக்கிறேன் பாரு" என்றான். முப்பத்தொரு புகார்களையும் தேதி வாரியாக அடுக்கினான். புதுப் பதிப்பில் பட்டியல் முழுதாக வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்து இருபது தடவை அளந்தான். மூன்றரை விநாடிக்குக் குறையவே இல்லை. நான் திரையைப் படம் பிடித்துக் கொடுத்தேன். சாப்பிடக்கூட எழவில்லை. உண்மையைச் சொன்னால் எங்கள் இருவருக்கும் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. இத்தனை வருடக் கத்தலுக்கு ஒரு பலன் கிடைக்கப்போகிறது, அதுவும் அக்காவைக் காப்பாற்றப்போகிறது.

இரண்டரை மணிக்கு அறிக்கைப் படிவத்தைத் திறந்தான். தேதி, மருத்துவமனை, நேரம். அதற்கடுத்து காரணம். அதைத் தொட்டதும் மூன்று வரிகள் விரிந்தன: மின்தடை, இணையத் தடை, ஊழியர் தவறு. வேறு எதுவும் இல்லை. எழுதுவதற்கு இடம் இல்லை, கோப்பு இணைக்க வழி இல்லை. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அடுத்த பக்கம் போகாது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால், கடைசியாகப் பொத்தானை அழுத்தியவரின் பெயரும் ஊழியர் எண்ணும் தாமாகவே வந்து உட்கார்ந்துகொண்டன. மாற்ற முயன்றான்; முடியவில்லை. அந்தப் படிவத்திலேயே ஒழுங்காக வேலை செய்த இடம் அது ஒன்றுதான்.

அவன் கத்தியது அந்தத் தளம் முழுக்கக் கேட்டிருக்கும். மூளை இருக்கிறவன் செய்கிற வேலையா இது, இவனை எல்லாம் கணினிப் பக்கமே விடக்கூடாது என்றெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினான். நானும் சேர்ந்து திட்டினேன். எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு: எந்த வரியை யார், என்றைக்கு எழுதினார்கள் என்று கேட்டால் கணினியே சொல்லிவிடும். ஆள் யாரென்று பார்த்து மேலாளரிடம் காட்டலாம் என்று கேட்டான். திரையில் அவன் பெயர் வந்தது.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை. நாங்கள் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். பக்கத்தில் அவனே எழுதி வைத்த குறிப்பும் இருந்தது: "இப்போதைக்கு மூன்று போதும். பிறகு சேர்க்கலாம்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும். அவன் சிரிக்கவில்லை. தேள் கொட்டியவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். அப்புறம் அந்தப் படிவத்தின் வழியாக இதுவரை வந்த அறிக்கைகளை எல்லாம் எடுத்தான். இருநூற்றுப் பன்னிரண்டு. மின்தடை ஒன்பது. இணையத் தடை பதினான்கு. மீதி நூற்று எண்பத்தொன்பதும் ஊழியர் தவறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பாதிப் பேரை எனக்குத் தெரியும். அவர்கள் போகும்போது வழியனுப்பு அட்டையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேறு நல்ல இடம் கிடைத்துப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு.

அந்தப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு இதே கருவியில், இதே மாதிரி ஒரு சறுக்கல். சிறியதுதான், பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்கள். அந்த வருடம் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. என் கவனம்தான் போதவில்லை போல என்று இரண்டு வருடமாக என்னையே நொந்துகொண்டிருந்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பேசாத. கொஞ்ச நேரம் எதுவும் பேசாத" என்றேன். நான்தான் அவன் எழுதியதில் ஓட்டை தேடுகிறவள் என்பதும், அந்தப் படிவத்துக்கு "சரி" என்று அன்றைக்குக் குறித்தவள் நானாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் அதற்குப் பிறகுதான் உறைத்தது.

நான்கு மணிக்கு அவன் அந்த நூற்று எண்பத்தொன்பது பெயர்களையும் அச்செடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனான். நானும் போனேன். தப்பு படிவத்தில் இருக்கிறது, படிவம் என்னுடையது, இதை வைத்து யாரையும் அனுப்பக்கூடாது என்று ஒரே மூச்சில் சொன்னான். மேலாளர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, சம்பந்தப்பட்டவர் விலகிவிட்டதாக மருத்துவமனைக்கு எழுதிவிடலாம், அறிக்கை இனித் தேவைப்படாது, படிவத்தை மூடிவிடு என்றார். மூன்றரை மணிக்கே அக்கா ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். மேலாளர்தான் அக்காவைக் கூப்பிட்டு, படிவத்தைத் திறந்து அந்த மூன்று வரிகளையும் காட்டி, இதில் எதைப் போடுவது என்று நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். தானாக விலகினால் பெயர் எங்கும் ஏறாது என்றும் சொல்லியிருக்கிறார். அக்கா அந்த மூன்றையும் இரண்டு தடவை படித்தாராம். அப்புறம் பேனா கேட்டாராம்.

அக்கா தன் மேசை இழுப்பறையைக் காலிசெய்துகொண்டிருந்தார். அவன் போய் எதிரே நின்றான். மென்று விழுங்காமல் சொன்னான், அது ஒன்றுதான் அன்றைக்கு அவன் உருப்படியாகச் செய்தது. அந்தப் படிவம் தன்னுடையது என்றான். அதற்கு அப்புறம் அதைத் திறக்கவே இல்லை என்றான்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கோபம் எதுவும் இல்லை குரலில்; நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரிதான் கேட்டார்.

"ஊர்ல இருக்கறவங்க செஞ்சதுல எல்லாம் குறை கண்டுபிடிச்சியே தம்பி. நீ செஞ்சதை ஒரு தடவை எடுத்துப் பாக்கணும்னு உனக்குத் தோணவே இல்லையா?"

அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மகள் கல்லூரி விட்டு வர நேரமாகும், வீட்டில் கணவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை அவன் பக்கமிருந்து பெருமூச்சு வரவில்லை. நான் வருவதற்கு முன்பே வந்து வேலையை முடித்திருந்தான். படிவத்தில் நான்காவதாக "கருவியின் குறை" என்று ஒரு வரி, அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் எழுத இடம், கோப்பு இணைக்க ஒரு பொத்தான். சோதிக்கச் சொல்லி எனக்கு அனுப்பினான். மதியம் வரை உட்கார்ந்து தட்டிப் பார்த்தேன், ஓட்டை எதுவும் இல்லை. சரி என்று குறித்து அடுத்த கட்டத்துக்குத் தள்ளினேன். வெளியிட வேண்டியவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர் வந்து நின்றது.