கொளஞ்சியம்மாள் வாங்க மறுத்த தாலிக்கொடி

கொளஞ்சியம்மாள் இறந்த செய்தி எனக்கு ஓர் அச்சு வேலையாகத்தான் வந்தது. சென்ற மாதம் ஒரு காலையில், அரியலூரில் நான் எழுத்துக் கோக்கும் அச்சகத்துக்குக் கட்சிக்காரர் ஒருவர் வந்தார். மடித்த தாளை நீட்டி, "மத்தியானத்துக்குள்ள போஸ்டர் வேணும்ண்ணே, கருப்பு மையில" என்றார். பிரித்துப் படித்தேன். 'கட்சியின் வீரத்தாய், பெண்களின் பாதுகாப்புக்காகக் கடைசி மூச்சுவரை கட்சியோடு நின்ற கொளஞ்சியம்மாள் மறைந்தார். கண்ணீருடன், ஒன்றியச் செயலாளர்.' செயலாளரின் பெயர் பெரிய எழுத்தில் வர வேண்டும் என்று ஓரத்தில் குறிப்பு வேறு இருந்தது.

"எப்ப?" என்று கேட்டேன்.

"விடியக்காலம். நெஞ்சுவலின்னாங்க."

தாளைத் திருப்பிக் கொடுத்து, வேறு அச்சகம் பார்க்கச் சொன்னேன். "என்னண்ணே, நம்ம கட்சி வேலை" என்றார். அதனால்தான் என்றேன். முதலாளி முறைத்தார். கையில் ஒட்டியிருந்த மையைக்கூடக் கழுவாமல் பஸ் ஏறிவிட்டேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தச் சுவரொட்டியின் ஒவ்வொரு வரியும் பொய் என்று தெரியும். அறியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரைப் பற்றிய முதல் பொய்களை எழுதியவன் நான் என்பதால், எழுத வேண்டிய கடமையும் எனக்கே இருக்கிறது.

ஆலத்தியூர் போகும் சாலையிலிருந்து உள்ளே பிரியும் சின்ன ஊர் எங்களுடையது. கொளஞ்சியம்மாளுக்கும் அவர் கணவர் ரெங்கசாமிக்கும் அங்கே இரண்டு கறவை மாடுகளும் கொஞ்சம் கடலைக்காடும் இருந்தன. விடியும் முன்பே பாலைக் கறந்து, தூக்குக் கேன்களில் ஊற்றி, பெரிய சாலையில் இருந்த பால் சொசைட்டிக்கு நடந்து கொண்டுபோவார். ஆறேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், ஓடைப் பாலத்தருகே முகத்தில் துண்டு கட்டிய ஒருவன் அவர் கழுத்திலிருந்த தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு ஓடினான். எட்டு மைல் தள்ளியிருந்த காவல் நிலையத்துக்குக் கணவனும் மனைவியும் போனார்கள். "அந்நேரத்துல தனியா வந்தா அறுக்காம என்ன செய்வான்?" என்று கேட்டு, மனுவை வாங்காமலே அனுப்பிவிட்டார்கள்.

அன்று மாலையே ஒன்றியச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் அப்போது கட்சிக்குத் துண்டறிக்கை எழுதுபவன். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. சாலை, குடிநீர் என்று பேசிப் பேசி எங்களுக்கே அலுத்திருந்தது. செயலாளர் தொடையைத் தட்டிக்கொண்டு, "தாலிய்யா, தாலி! இதவிட நமக்கு என்ன வேணும்?" என்றார். நானும் சிரித்தேன். அங்கேயே உட்கார்ந்து, 'தாய்மார்களின் தாலிக்குப் பாதுகாப்பு எங்கே?' என்று எழுதினேன். கொலைவெறிக் கும்பலோடு ஒரு தாய் ரத்தம் சொட்டச் சொட்டப் போராடியதாக அதில் கதை கட்டியிருந்தேன்.

மறுநாள் அதைக் கொளஞ்சியம்மாள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவர் கையை எடுக்காமலே கேட்டார்.

"கும்பல் எங்க தம்பி வந்துச்சு? ஒருத்தன்தான். நான் போராடவும் இல்ல. பயந்துபோயி நின்னுட்டேன். அத எழுதுங்க."

"எழுத்துன்னா கொஞ்சம் கூட்டித்தானேக்கா எழுதணும்."

"ஏன், நடந்தது போதாதா?"

நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஆனால் ஊருக்குப் போலீஸ் வேண்டும் என்று கட்சி போடவிருந்த கூட்டத்தில் பேச அவர் சம்மதித்தார். "என் மவளும் நாளைக்கு இந்த வழியிலதான் பால் தூக்கணும். போலீசு கேட்டு எவன் கூட்டம் போட்டாலும் வரேன். நடந்தத மட்டுந்தான் பேசுவேன்" என்றார்.

அப்படியே பேசினார். கடைத்தெருக் கூட்டத்தில் எங்கள் பேச்சாளர்கள் தொண்டை கிழியக் கத்திவிட்டு இறங்கிய பிறகு, அவர் ஒலிபெருக்கியைத் தள்ளி நின்றுகொண்டு, பாலத்தருகே நடந்ததையும் காவல் நிலையத்தில் கேட்ட கேள்வியையும் சொன்னார். "திருடன் கழுத்துல கை வச்சான். போலீசு மானத்துல கை வச்சிச்சு" என்று முடித்தார். கூட்டத்திலிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்களுக்கு நடந்ததைச் சொல்லத் தொடங்கினார்கள். எங்கள் மேடையில் உண்மை பேசப்பட்டது அன்று ஒருநாள்தான். செயலாளருக்குக் கணக்கு வேறு. "பொம்பள ஓட்டு மொத்தமும் நமக்குத்தான்" என்று என் காதில் சொன்னார்.

அந்தப் பெண்களே ஊர்வலமாகத் தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். மூன்றே வாரத்தில் எங்கள் ஊருக்குப் போலீஸ் அவுட்போஸ்ட் வந்தது. ஓர் ஏட்டும் இரண்டு காவலர்களும், செயலாளருடைய மைத்துனரின் கட்டடத்தில் வந்து அமர்ந்தார்கள். விடியற்காலையில் ஒரு காவலர் பாலத்தருகே நிற்பார். கொளஞ்சியம்மாள் அவருக்குச் சொம்பு நிறைய மோர் கொண்டுபோய்க் கொடுப்பார். தான் கேட்டது கிடைத்துவிட்டது என்று அவர் நம்பினார்.

வந்த போலீசை வைத்து எங்கள் கட்சி செய்த வேலையை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது. ஓட்டுப்போடும் நாளுக்கு முன் ஒரு திருடன் தேவைப்பட்டான். காலனியில் முத்தையன் என்ற இளைஞர் இருந்தார். செயலாளரின் வயலில் கூலி குறைவென்று, பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு சுண்ணாம்புக்கல் வேலைக்குப் போனவர். அறுப்பு நேரத்தில் ஆள் இல்லாமல் செயலாளர் தவித்த கோபம் ஆறவே இல்லை. ஒரு நாள் காலை முத்தையனை வீட்டிலிருந்து இழுத்துப் போனார்கள்.

நண்பகல் வாக்கில் செயலாளர் என்னிடம் ஜீப்பைக் கொடுத்து, கொளஞ்சியம்மாளை அழைத்துவரச் சொன்னார். "அடையாளம் காட்டணும். நீ சொன்னா கேக்கும் அந்தம்மா" என்றார். வழியில் நான் அவரிடம் சொன்ன வார்த்தை இது: "நீங்க ஒண்ணும் பேச வேணாங்க்கா. தலைய மட்டும் ஆட்டுங்க. மிச்சத்த அவங்க பாத்துக்குவாங்க."

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அவுட்போஸ்டில் முத்தையன் வெறும் உள்ளாடையோடு தரையில் கிடந்தார். உதடு வீங்கிக் காதிலிருந்து ரத்தம் வடிந்திருந்தது. நாற்காலியில் செயலாளர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மேசைமேல் ஒரு தாலிக்கொடி பளபளத்தது.

"பாத்துச் சொல்லும்மா, இவன்தானே?" என்றார் ஏட்டு.

"திருடன் மொகத்த நான் பாக்கலன்னு அன்னிக்கே சொன்னேனுங்க."

"நகையப் பாரு. ஒன்னுதுதானே?"

கொளஞ்சியம்மாள் அதைக் கையில் எடுத்தார். எடுத்ததுமே கனமில்லை என்பது தெரிந்திருக்கும். அது கவரிங். மேடையில் வைத்துக் கொடுக்க இது போதும், தேர்தல் முடிந்ததும் அசலே வாங்கித் தருகிறோம் என்று செயலாளர் குழைந்தார். அப்போது கொளஞ்சியம்மாள் கழுத்தில் மஞ்சள் கயிறுதான் கிடந்தது. அசல் பவுன் என்ற வார்த்தை எந்தக் குடும்பத்தையும் அசைத்துப் பார்க்கும். அவர் அந்தக் கொடியை மேசையில் போட்டுவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். சாணி மிதித்தவர் காலைத் துடைப்பதுபோல இருந்தது.

"இது என்னுது இல்ல. இவன் திருடன்னும் நான் சொல்ல மாட்டேன். அந்தப் புள்ளைய விடுங்க."

"விட முடியாது. நீ போம்மா."

"அப்ப நானும் போவல."

வாசலில் வெயிலில் உட்கார்ந்துவிட்டார். செயலாளர் அதட்டினார், பிறகு கெஞ்சினார். சாயங்காலப் பாலுக்கு வந்த பெண்கள் விஷயம் கேள்விப்பட்டுக் கேனைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முத்தையனின் தாய் அழுதுகொண்டு வந்தபோது கொளஞ்சியம்மாள் அவருக்கும் தன் அருகிலேயே இடம் விட்டார். பொழுது சாயும் நேரத்தில் ஏட்டுக்குப் பயம் வந்துவிட்டது. முத்தையனை வெளியே விட்டார்கள். பெண்கள் அவரை மாட்டுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவருக்கு ஒரு காது இன்றுவரை கேட்பதில்லை.

நான் ஜீப்பருகில் நின்றுகொண்டிருந்தேன். கொளஞ்சியம்மாள் என்னைக் கடந்து போகும்போது நின்றார். "தலைய ஆட்டச் சொன்னியே தம்பி. சொல்றப்ப ஒனக்கு அருவருப்பா இல்லியா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். இல்லை என்பதே உண்மையான பதில். அருவருப்பு எனக்கு அதன் பிறகுதான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

தாலி மீட்கப்பட்டதாக ஏற்கெனவே துண்டறிக்கை அடித்தாகிவிட்டது. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்தை நிறுத்த அவர்களுக்கு மனமில்லை. வேறு எவராவது பெண்ணை நிறுத்திக் கொடியைக் கொடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கொளஞ்சியம்மாள் மேடையேறி வந்தார். மனம் மாறிவிட்டார் என்று நினைத்துச் செயலாளரே வழிவிட்டார்.

"எந்தாலி இன்னும் கெடைக்கல. இவங்க வச்சிருக்கறது கடையில வாங்குன கவரிங்கு. போலீசு வேணும்னு ஒங்க முன்னாடி கேட்டவ நான். அந்தப் போலீசு ஒரு பாவமும் அறியாதவன அடிச்சி காத செவிடாக்கிடுச்சு. அதுக்கு நானும்…"

ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். அவர் அணைத்ததைப் பொருட்படுத்தாமல் வெறும் குரலில் பேசி முடித்துவிட்டுத்தான் இறங்கினார். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டுமே கேட்டது.

அதற்குப் பிறகு நியாயம் வென்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். கட்சி ஜெயித்தது. நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தது. வெற்றி ஊர்வலத்தில் 'தாலி காத்த தலைவர்' என்று கோஷம் போட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஊரும் கூச்சமில்லாமல் கை தட்டியது. சொசைட்டியில் கொளஞ்சியம்மாளின் பாலில் மட்டும் தினமும் தண்ணீர் இருப்பதாகச் சொல்லித் திருப்பினார்கள். அவர் வாக்குவாதம் செய்யவில்லை. ஒரு மாட்டை விற்றுவிட்டு, மிச்சப் பாலை பஸ்ஸில் அரியலூருக்குக் கொண்டுவந்து டீக்கடைகளுக்கு ஊற்றினார். அடுத்த ஆண்டே அவுட்போஸ்டை எடுத்துவிட்டார்கள். அந்தக் கட்டடத்தில் இப்போது உரக்கடை நடக்கிறது. உண்மையான திருடன் கடைசிவரை அகப்படவில்லை. மஞ்சள் கயிற்றோடுதான் அவர் போய்ச் சேர்ந்தார்.

சாவு வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது செயலாளர் பத்துப் பேரோடு வந்திருந்தார். கட்சிக் கொடியை உடல்மேல் போர்த்தப் பிரித்தார். வாழ்நாளெல்லாம் அதிர்ந்து பேசாத ரெங்கசாமி குறுக்கே வந்து, "வேணாங்க. அவ கேக்கல" என்றார். செயலாளர் கொடியை மடித்துக்கொண்டார். பிறகு, வாசலில் இருந்தவர்களிடம் அவரோடு தனக்கிருந்த பழக்கத்தைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முத்தையன் தெருமுனையில் தயங்கி நின்றார். ரெங்கசாமிதான் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். அதைப் பார்த்து முகம் சுளித்த உறவுக்காரர்களும் இருந்தார்கள். அவர்களையும் நான் மறக்கப்போவதில்லை.

அரியலூருக்குப் பால் கொண்டுவரத் தொடங்கிய பிறகு அவர் சில நாட்களில் அச்சக வாசலில் நின்று என்னிடம் நலம் விசாரித்துவிட்டுப் போவார். நான் கட்சியை விட்டுவிட்டது அவருக்குத் தெரியும். அதற்காக என்னைப் பாராட்டியதில்லை, பழையதைக் குத்திக் காட்டியதும் இல்லை. ஆனால் கூட வந்தவர்கள் யாராவது என்னைக் காட்டி, "இவரு யாரு?" என்று கேட்டால், முகம் மாறாமல் ஒரே பதில்தான் சொல்வார்: "அன்னிக்கி ஜீப்புல வந்து என்னைக் கூட்டிட்டுப் போனாரே, அவரு."

முதலில் எனக்கு உடம்பெல்லாம் எரியும். போகப்போக அவர் ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்பது புரிந்தது. இப்போது ஊரில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் என்னை அன்றே அவர் பக்கம் நின்றவனாக்கிவிடுகிறார்கள். சொசைட்டிக்காரர்கள்கூட அவர் பக்கம் நின்றதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். கொளஞ்சியம்மாளிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அவர் செய்த அந்த அறிமுகம்தான். அவரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறவர்களிடம் அவர் சொன்னபடியே சொல்கிறேன். ஜீப்பில் போய் அவரைக் கூட்டிவந்தவன் நான்.