தொடும் கோடும் தாண்டும் கோடும்

ரேடியோ வேலையில் ஷாக் அடித்து விழுந்தவர்களைவிட, அடுத்தவர் வரைந்த சர்க்யூட் படத்தைப் பார்த்துத் தலைசுற்றி விழுந்தவர்கள்தான் அதிகம். நீங்களும் அந்தக் கூட்டம் என்றால் இது உங்களுக்குத்தான். எழுபதுகளின் கடைசியில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, தென்காசியில் சித்தப்பா வைத்திருந்த ஆம்ப்ளிஃபயர் பட்டறையில் படம் வரையச் சேர்ந்தேன்.

புகைந்த டிரான்ஸ்ஃபார்மர்

சித்தப்பா மூளைக்காரர், கைதான் கிறுக்கல். அவர் படத்தில் இரண்டு கோடுகள் குறுக்கே போனால், தொடுகிறதா தாண்டுகிறதா என்று அவருக்கே தெரியாது. தொடுகிறது என்று நம்பி மெக்கானிக் சுடலை அண்ணன் ஒயரைப் பற்றவைத்தார், டிரான்ஸ்ஃபார்மர் புகைந்தது. சித்தப்பாவிடம் திட்டு முழுக்க அண்ணனுக்கு. "நான் வேலைய விட்டுருதேன்" என்று சட்டையை மாட்டிவிட்டார்.

"ஒரு நாள் பொறுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு முழுப் படத்தையும் மாற்றி வரைந்தேன். மைக் இடது ஓரம், ஸ்பீக்கர் வலது ஓரம். பிளஸ் மேலே, மைனஸ் கீழே. ஒயர் சேரும் இடத்தில் மட்டும் மிளகு அளவு புள்ளி. "கோலம் போடுதியாட்டி?" என்று சித்தப்பா சிரித்தார்.

மறுநாள் சுடலை அண்ணன் ஒரு சந்தேகமும் கேட்காமல் செட்டை முடித்தார். சுவிட்ச் போட்டதும் கணீரென்று பேசியது. சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "மொதலாளி, தப்பு என் கையில இல்ல, ஒங்க கோட்டுல இருந்துருக்கு!"

காணாமல் போன புள்ளி

ஒரு ரெசிஸ்டருக்கு 4.7K, அதாவது 4.7 கிலோ ஓம், என்று நான் எழுதியது, பிரதியில் புள்ளி மங்கி, சிவகிரி மைக் செட் அண்ணாச்சி கைக்கு 47K ஆகப் போய்ச் சேர்ந்தது. அந்த அளவில் ரெசிஸ்டரைப் போட்டிருக்கிறார். கல்யாண வீட்டில் செட் தொண்டை கட்டிக் கரகரத்ததும், மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார். தப்பு என்னுடையதுதான். அன்றிலிருந்து புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் அந்த K எழுத்தையே போட்டேன்: 4K7. புதுப் படத்தைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி சொன்னார்: "என்ன தாயி, பஸ் நம்பரு மாரி இருக்கு? ஆனா ஏறுனா சரியா ஊரு போயிச் சேந்துருவோம்."

சாரலில் ஒரு போன்

குற்றாலத்தில் சீசன். அருவிக்கரை லாட்ஜ் ஒன்றில் எங்கள் செட்டை வைத்து அறிவிப்புச் செய்பவர் இசக்கி. ஒரு மத்தியானம் போனில் அலறினார்: "எக்கா, மலை கருத்துக்கெடக்கு, தண்ணி கூடுது. கீழ சனங்க குளிக்காவ. செட்டு பேச மாட்டேங்கு!"

இசக்கிக்கு ரிப்பேர் தெரியாது. மீட்டர் வைக்க மட்டும் தெரியும். செட் மூடியின் உள்பக்கம் என் படம் ஒட்டியிருந்தது. எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்கவேண்டும் என்று அதில் எழுதியிருந்தேன். R5, R7 என்று படத்தில் ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் உள்ள நம்பரே செட்டுக்குள்ளும் இருக்கும்.

"இடப்பக்கமிருந்து வாங்க. R5-ல?"

"பன்னெண்டு இருக்கு."

"R7-ல?"

"ஒண்ணுமில்ல... ஐயோ, அதோட கம்பிக் கால் பிடுங்கிக்கிட்டு நிக்கி!"

"பிளையரால அழுத்திப் பிடிச்சுக்கிட்டுப் பேசுங்க!"

ரிசீவரை மேசையில் போட்டுவிட்டார். பிறகு ரிசீவர் வழியாகவே இடிபோல் கேட்டது: "எல்லாரும் கரை ஏறுங்க! தண்ணி கூடுது, ஏறுங்க!" சற்று நேரத்தில் செந்தண்ணீர் கல்லையும் கட்டையையும் உருட்டிக்கொண்டு இறங்கியதாம். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

மறுநாள் பட்டறைக்கு வந்து இசக்கி சொன்னார்: "எக்கா, எனக்குப் படிப்பே ஏறாதுன்னு வாத்தியாரு சொல்லுவாரு, நேத்து ஒரு படத்தப் படிச்சே அம்புட்டுப் பேரையும் கரையேத்திட்டேம்லா!"

என் பேச்சை வீட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை, நான் வரைந்த கோட்டை மட்டும் ஊரே கேட்டது.